வேலை நாளில் சண்டை கிடையாது

அந்தத் தெருவில் எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை மூண்டாலும், பஞ்சாயத்து கடைசியில் கோர்ட்டம்மாவிடம்தான் வந்து சேரும். கோர்ட்டம்மா என்றதும் கறுப்பு அங்கி, உயரமான நாற்காலி என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். அவள் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அடுத்தவர் சொல்லும் தீர்ப்பைப் பிழையில்லாமல் தட்டிக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்தது. தெரு அவளைத் தேடி வந்ததற்குக் காரணம் வேறு. தெருமுனையில் சலூன் வைத்திருக்கும் அவள் கணவரும் அவளும் சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை, கேட்டதில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பு அது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் தூக்கம் கலையும். அப்படிப்பட்ட இடத்தில் இத்தனை வருஷமாக ஓர் உரத்த பேச்சுகூட வெளியே வரவில்லை என்றால் ஊர் மூக்கின்மேல் விரலை வைக்காமல் என்ன செய்யும்?

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவர்களுக்குச் சண்டைக்கான காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. சண்டை போட நாள்தான் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு காலையில், ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டது யார் என்று ஆரம்பித்த பேச்சு முற்றிப் போனது. அந்தச் சூட்டோடு கோர்ட்டுக்குப் போனவள், குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தட்டுவதற்குப் பதில் வீட்டுக்காரர் காலி செய்ய வேண்டும் என்று தட்டிவிட்டாள். கையெழுத்து விழுமுன் யாரோ கவனித்ததால் அந்த மனிதர் நடுத்தெருவுக்கு வராமல் தப்பினார். அதே காலையில் சலூனில் உட்கார்ந்திருந்த ஒரு வங்கி மேலாளரின் காதுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

அன்று மாலை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, பெரிய மனுஷர்கள் போல ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வேலை நாளில் சண்டை கிடையாது. எதுவானாலும் லீவு நாளில் பேசித் தீர்த்துக்கொள்வது. கைகூடக் குலுக்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம்தான் விஷயம் உறைத்தது. அவளுக்கு லீவு சனியும் ஞாயிறும். சலூனுக்கு அந்த இரண்டும்தான் உயிர்நாடி, அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சலூன் மூடுவது திங்கட்கிழமை. அன்று கோர்ட்டில் எள் போட்டால் எண்ணெய் வழியும் கூட்டம். ஊருக்கே பொது விடுமுறை என்றால் ஊரே முடிவெட்ட வந்து நிற்கும், அது திங்கட்கிழமையே ஆனாலும் கடை திறந்தாக வேண்டும். கோடை விடுமுறையாவது உண்டா என்றால், அது நீதிபதிக்குத்தான், டைப்பிஸ்டுக்கு இல்லை. காலண்டரை முன்னும் பின்னும் புரட்டினார்கள். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் வேலை இல்லாத நாள் என்று ஒன்றை அந்தக் காலண்டர்காரன் அச்சடிக்கவே இல்லை.

சாதாரண ஜனங்களாக இருந்திருந்தால் அங்கேயே ஒப்பந்தத்தைத் திருத்தியிருப்பார்கள். இவர்கள் கெட்டிக்காரர்கள். திருத்துவதற்குப் பதில் அதை ஆளுக்கொரு பக்கம் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

சலூன்காரர் தன் முடிவுகளை எல்லாம் திங்கட்கிழமை காலையில்தான் வெளியிடுவார், அதுவும் அவள் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு மறு செருப்பைத் தேடும் நேரம் பார்த்து. கடைக்குப் பெரிய டிவி வாங்கியது அப்படித்தான் தெரியவந்தது. ஸ்கூட்டரைச் சிநேகிதருக்குக் கொடுத்ததும் அப்படித்தான். அவள் வாயைத் திறந்தால், “இன்னைக்கு உனக்கு வேலை நாள்” என்று கனிவோடு நினைவூட்டுவார். கோர்ட்டம்மா மட்டும் இளைத்தவளா? அவளுடைய நாள் சனிக்கிழமை. கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் பறக்கும்போது, மகளைத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போகும் காலேஜில் சேர்த்துவிட்டதாகச் சொல்வாள். அவருடைய அம்மா கொடுத்த மர பீரோவை விற்றுவிட்டதாகச் சொல்வாள். மனுஷர் மென்று விழுங்கிக்கொண்டு போய் யார் தலையையாவது மொட்டை அடிப்பார்.

அந்த பீரோ விவகாரத்தில் மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. மறு சனிக்கிழமை முதுகுவலி என்று கடையை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டார். தனக்கு இன்றைக்கு லீவு, அவளுக்கும் லீவு, ஆகவே பீரோவைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். கோர்ட்டம்மா அசரவில்லை. “நீங்க படுத்துட்டா லீவாயிடுமா? கடை வாசல்ல நாலு பேர் நின்னு பார்த்துட்டுப் போயிருக்காங்க. வேலை வர்ற நாள் எல்லாம் வேலை நாள்தான்” என்றாள். சட்டம் தெரிந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்படியே காலம் ஓடியது. மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். அவள் அறை காலியானது. முதல் சனிக்கிழமை மத்தியானம் கோர்ட்டம்மா அதைப் பெருக்கப் போனாள். பெருக்கி முடித்ததும் என்ன தோன்றியதோ, கதவை உள்ளே சாத்திக்கொண்டு ஜன்னலடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பிறந்த வீட்டில் ஒரே கூடத்தில் ஏழு பேர். கல்யாணத்துக்குப் பிறகு கணவரும் குழந்தையும். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் தான் ஒருத்தி மட்டும் இருப்பது என்பது அவள் வாழ்க்கையில் அன்றுதான் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் அவள் விடவில்லை. உள்ளே என்ன செய்கிறாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. படிப்பாள், தூங்குவாள், சும்மா விட்டத்தைப் பார்ப்பாள். கணவர்மேல் அவளுக்குப் பிரியம்தான். அந்தக் கதவின்மேலும் அதற்குச் சற்றும் குறையாத பிரியம்.

அந்த அறைக்குத்தான் ஒரு திங்கட்கிழமை காலை ஆபத்து வந்தது. அவள் செருப்பில் ஒரு காலை நுழைத்த நேரம் பார்த்து, தன் அண்ணன் வருகிற ஞாயிற்றுக்கிழமை நிரந்தரமாகத் தங்க வருகிறார் என்றும், மகள் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்துவிடலாம் என்றும் சலூன்காரர் அறிவித்தார். அண்ணன் லாரி ஓட்டிக் காலம் தள்ளியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நல்ல மனுஷர், ஒரு வம்புக்குப் போகமாட்டார். குறட்டைதான், ஏற்றத்தில் லாரி முக்குகிற மாதிரி இருக்கும்.

கோர்ட்டம்மா செருப்பைக் கழற்றினாள். தான் இன்றைக்கு விடுப்பு எடுக்கப் போவதாகவும், ஆகவே இன்று இருவருக்கும் லீவு என்றும், இப்போதே இதைப் பேசியாக வேண்டும் என்றும் சொன்னாள். சலூன்காரர் முகத்தில் ஒரு புன்னகை மெல்லப் பரவியது. பீரோ போன நாளிலிருந்து அவர் அதைச் சேர்த்து வைத்திருந்தார்.

“நீ போகலன்னா கோர்ட்டு மூடிடுமா?” என்றார். “வேலை வர்ற நாள் எல்லாம் வேலை நாள்தான். நீ சொன்னதுதானே?”

அவள் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினாள். ஒப்பந்தத்தை உடைத்துவிடலாமா என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தாள். உடைத்தால் பீரோ வெளியே வரும், மகள் படிப்பு வெளியே வரும், அவரைக் கேட்காமல் வீட்டுச் சுவருக்கு அடித்த ஆரஞ்சு நிறம் வெளியே வரும். தவிர, அவளுக்கும் ரோஷம் இருந்தது. சட்டத்துக்குள் நின்று ஜெயிக்க வேண்டும். கோர்ட்டில் தட்டிய காகிதம் ஒவ்வொன்றிலும் இத்தனை வேலை நாட்களுக்குள் பதில், அத்தனை வேலை நாட்களுக்குள் ஆஜர் என்று அந்த இரண்டு வார்த்தை அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. யார் விடுப்பில் போனாலும், யார் படுத்துக் கிடந்தாலும் அந்த நாட்கள் பாட்டுக்கு ஓடும். அவருடைய வாதத்தில் ஓட்டை இல்லை, ஏனென்றால் அது அவளுடைய வாதம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தவள் அப்படியே கையை நிறுத்தினாள். வேலை வருகிற நாள் வேலை நாள் என்றால், வேலை வராத நாள்? கடை திறந்திருக்கட்டும், கத்தரி தயாராக இருக்கட்டும், ஒரு தலைகூட வராவிட்டால் அது என்ன நாள்? அதன் பிறகு சாப்பாடு அவளுக்கு ருசியாக இறங்கியது.

அன்று மாலையே மேல்மாடியில் இருக்கும் மருந்துக்கடைக்காரியைப் போய்ப் பார்த்தாள். சலூனுக்கு நேர் எதிரே அவள் கடை. இருமலுக்கு மருந்து விற்பதைவிட வேகமாக அவள் செய்தி விற்பாள் என்பது தெருவுக்கே தெரியும். கோர்ட்டம்மா சுற்றி வளைக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரரோட நான் ஒரு சண்டை போடணும். அதுக்குச் சனிக்கிழமை ஒரு நாள், நம்ம தெரு ஆம்பளைங்க யாரும் முடிவெட்டப் போகக்கூடாது.”

மருந்துக்கடைக்காரி ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக, குழம்பில் உப்பு கூடினாலும் சரி, சட்டையில் பொத்தான் போனாலும் சரி, “கோர்ட்டம்மாவைப் பாரு, என்ன ஒற்றுமையா குடும்பம் நடத்துறாங்க” என்று கணவன் வாயால் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் அவள். தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அதே கதைதான். செய்தி வீடு வீடாகப் போனது. கோர்ட்டம்மா சண்டை போடப் போகிறாள் என்பதில் அவர்களுக்கு உண்டான சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியாது, அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை வந்தது. ஒருத்தி காலையிலேயே கணவனைக் குழாய் ரிப்பேர் என்று தொட்டிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டாள். ஒருத்தி பிள்ளைகள் மூன்றையும் இழுத்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போனாள். வீட்டிலிருக்கும் அத்தனை பேண்ட்டையும் ஊறவைத்தவள் ஒருத்தி. மருந்துக்கடைக்காரி எல்லோரையும் மிஞ்சினாள். முந்தின நாளே சமையலறைக் கத்தரியால் தானே கணவனுக்கு முடிவெட்டிவிட்டாள். அந்தத் தலையோடு அந்த மனிதர் ஜன்னல் பக்கம்கூட வரவில்லை.

நடுப்பகலுக்குக் கோர்ட்டம்மா சாப்பாட்டு டப்பாவோடு சலூனுக்குப் போனபோது, அவர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து தன் மீசையையே மறுபடி மறுபடி சீர்செய்துகொண்டிருந்தார். அது பாதியாகக் கரைந்திருந்தது. இரண்டு நாற்காலிக்கும் முன்னால் கண்ணாடி. மடித்து வைத்த வெள்ளைத் துணிகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. தரையில் ஒரு மயிர் இல்லை. டிவியில் சத்தமில்லாமல் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு அவள் அடுத்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள்.

“காலையிலேருந்து எத்தனை பேர் வந்தாங்க?”

“ஒருத்தர் வரல. ஊருக்கு என்ன ஆச்சுன்னே தெரியல.”

“அப்ப இன்னைக்கு வேலை வரல.”

“வரல” என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கத்தரியை மெல்லக் கீழே வைத்தார்.

இனி தடையில்லை. ஆனால் ஒரு சங்கடம். இருவருக்கும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் தொண்டையைச் செருமினாள். அவர் வேண்டுமானால் முதலில் பேசட்டும் என்றாள். அவர், இல்லை நீயே பேசு என்றார். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், பேசியதும் மடை உடைந்தது. பீரோ வந்தது, டிவி வந்தது, திரும்பி வராத ஸ்கூட்டர் வந்தது, ஆரஞ்சுச் சுவர் வந்தது. மகள் போன அன்று கடையில் யாருக்கும் தெரியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை அவர் சொன்னார். அதுவும் அவளுக்கு அன்றுதான் தெரியும். எல்லாவற்றையும் கண்ணாடியைப் பார்த்தேதான் சொல்லிக்கொண்டார்கள். எதிரில் மருந்துக்கடையில் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே ஒரு வரிசை கால்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் அவள், “அந்த ரூம்” என்று வாயெடுத்தாள்.

கடைக் கதவு திறந்தது. ஒரு பெட்டியும் நாலு நாள் தாடியுமாக லாரி அண்ணன் உள்ளே வந்தார். ஒரு நண்பரின் வண்டி இந்தப் பக்கம் வந்ததால் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாராம். இந்த முகத்தோடு வீட்டுக்கு வர வேண்டாம், ஒரு ஷேவிங் செய்துகொண்டு வரலாம் என்று நினைத்தாராம். சலூன்காரர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. துள்ளி எழுந்து நாற்காலியைத் துடைத்து, அண்ணனை உட்காரவைத்து, வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தில் கட்டினார்.

“வேலை வந்தாச்சு” என்றார் கண்ணாடியைப் பார்த்து.

கோர்ட்டம்மா அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். ஒரு தெருவே பட்ட பாடு ஒரு தாடியால் வீணாகப் போகிறது. அடுத்த சனிக்கிழமை இந்நேரம் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கப் போகிறாள். நினைக்க நினைக்க அழுகை முட்டியது. அப்போதுதான் அவளுக்கு வேறொன்று தோன்றியது. ஒப்பந்தம் அவளுக்கும் கணவருக்கும்தான். லாரி அண்ணனோடு அவள் எந்த ஒப்பந்தமும் போடவில்லை. அவருக்கோ இனி வேலை நாள் என்று ஒன்றே கிடையாது.

முகம் முழுக்க நுரையோடு அவர் கண்ணை மூடியிருந்தார். அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“மாமா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த ரூமை என்னால குடுக்க முடியாது. அது எனக்கு வேணும். வாரத்துல ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு நான் மட்டும் இருக்கறதுக்கு எனக்கு அது வேணும்.”

சலூன்காரரின் கை அந்தரத்தில் நின்றது. லாரி அண்ணன் கண்ணைத் திறந்து, துணியின் ஓரத்தால் வாயை மட்டும் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது.

“எனக்கு ரோட்டுச் சத்தம் இல்லன்னா தூக்கமே வராதும்மா. இங்கேயே பின்னால துண்டு காயப்போடுற ரூம் இருக்கே, அது எனக்குப் போதும். தம்பிதான் கேக்கல. ‘அவ ஒண்ணும் சொல்ல மாட்டாண்ணே, கல்யாணம் ஆனதுலேருந்து நான் செஞ்சது எதையும் அவ வேணாம்னு சொன்னதே இல்ல, எல்லாமே அவளுக்குப் பிடிச்சுத்தான் இருக்கு’ன்னான். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அதைத்தானே பெருமையாச் சொல்றான்.”

அவள் கண்ணாடியில் கணவரைப் பார்த்தாள். இதுவும் ஒரு திங்கட்கிழமைத் தந்திரமோ என்றுதான் பார்த்தாள். பாதி மீசையோடு அவர் தலைகுனிந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடிப்பாக இருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். தந்திரமாக ஆரம்பித்ததை எந்த வருஷத்திலோ அவர் நிஜமாகவே நம்பத் தொடங்கிவிட்டார். அவளும் அவர் விழுங்கியதை எல்லாம் சம்மதம் என்றே கணக்கு வைத்திருந்தாள். ஜெயித்த சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு நெஞ்சு வலித்தது.

ஷேவிங் முடிந்தது. லாரி அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறையைப் பார்க்கப் போனார். அதற்குள் தெருப் பெண்களின் காவல் தளர்ந்திருக்க வேண்டும். கடை வாசலில் தலைகள் தெரிய ஆரம்பித்தன. முதலில் தொப்பி போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்காரியின் கணவர், அவர் பின்னால் ஈர பேண்ட்டோடு ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். கோர்ட்டம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வேலை வந்துவிட்டது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

“கொஞ்சம் இரு” என்றார் அவர். இந்தத் தடவை கண்ணாடியைப் பார்த்துச் சொல்லவில்லை. “இத்தனை வருஷத்துல நான் செஞ்சது எதுவுமே உனக்குப் பிடிக்கலையா?”

“பிடிச்சது நிறைய இருந்துச்சு. அதைச் சொல்லவும்தான் நமக்கு ஒரு நாள் இல்லாமப் போச்சு.”

அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். வாசலுக்குப் போய், திறந்திருக்கிறது என்று தொங்கிய பலகையைத் திருப்பிப் போட்டார். தொப்பிக்காரர் பதறிவிட்டார். சனிக்கிழமை அதுவுமாகக் கடையை மூடினால் எப்படி, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார்.

“ஆமா” என்றார் சலூன்காரர், தெருவுக்கே கேட்கிற குரலில். “வீட்ல சண்டை.” சொல்லிவிட்டு அவர்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.